‘பிரேக்கைத் தொட்டாத்தான் உறுமுது!’ - மெக்கானிக்குகள் கேட்காத கேள்வியும் மனைவி சொன்ன பதிலும்

வடபழனி சிக்னலில் சிவப்பு விளக்கு. முன்னால் ஒரு ஸ்கூட்டர், அதன் பின் சீட்டில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. அவர் பிரேக்கை அழுத்தினார். அடங்கவேண்டிய இன்ஜின் தானாக ரேஸ் ஆனது. மீட்டர் முள் 800-லிருந்து 1,500-க்குத் தாவியது, விழுந்தது, மறுபடி தாவியது. இரண்டு காலாலும் மிதிக்காத குறையாக அழுத்தி நிறுத்தியபோது, ஸ்கூட்டருக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

கால் டாக்ஸி ஓட்டும் அவருக்கு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்த பெட்ரோல் கார்தான் சோறு போடுகிறது. மாதத் தவணையும் மகளின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

முதல் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். இரண்டாமவர் த்ராட்டில் பாடியில் இருந்த கரியைச் சுத்தம் செய்து, ஐடில் வால்வையும் மாற்றினார். அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்றுவழி மூடிக்கொள்ளும். அப்போது இன்ஜின் அணையாமல் காப்பது அந்த வால்வு விடும் கொஞ்சம் காற்றுதான். அங்கே கரி படிந்தால் ரேஸ் ஏறி இறங்கும். ஆனால், பணம் போனதே தவிர உறுமல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி சொன்னார். “ஏங்க, நீங்க காலை எடுத்தா சும்மாதான் இருக்கு. பிரேக்கைத் தொட்டாத்தான் உறுமுது.”

“வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். காலியான சர்வீஸ் ரோட்டில் சோதித்துப் பார்த்தார். பிரேக் பிடிக்காமல் வேகம் குறைய விட்டால் இன்ஜின் அமைதி. பிரேக்கைத் தொட்டால் உறுமல்!

மறுநாள் இருவரும் புதுப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. “எப்போ உறுமுது தம்பி?” என்று கேட்டார்.

“இவங்களக் கேளுங்கண்ணே” என்று மனைவியைக் காட்டினார் டிரைவர்.

கேட்டு முடித்ததும் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தச் சொன்னார். பெடலுக்குப் பக்கத்தில் ‘உஸ்’ என்று காற்றுச் சத்தம். ரேஸ் ஏறியது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயை இடுக்கியால் நெருக்கிப் பிடித்தார். உறுமல் அடங்கிவிட்டது.

“உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. பிரேக் மிதிச்சாத்தான் ஒரு பக்கம் வெளிக்காத்து வரும். அது கிழிசல் வழியா இன்ஜினுக்குப் போகுது. கணக்கில்லாத காத்து வந்தா ரேஸ் ஏறும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும், ரேஸ் விழும், திரும்பக் கொடுக்கும். எத்தன நாளா ஓட்டுற?”

“மூணு வாரமாண்ணே.”

“பூஸ்டர் முழுசாப் போயிருந்தா பெடல் கல்லு மாதிரி ஆகியிருக்கும். வண்டி நிக்கவே ரொம்ப தூரம் ஆகியிருக்கும்பா.” டிரைவரின் கண்ணில் அந்த ஒரு முழம் வந்து நின்றது.

உங்கள் காரில் பூஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, காற்றுச் சத்தம் கேட்டாலோ வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். என்ன கோளாறு என்பதோடு, எப்போது வருகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

புது பூஸ்டர் மாட்டித் திரும்பும்போது, அதே வடபழனி சிக்னல். பிரேக் மெத்தென்று இறங்கியது. முள் 800-ல் அசையாமல் நின்றது.

“இனி என்ன சத்தம் கேட்டாலும் சொல்லு” என்றார் மனைவியிடம்.

“இப்போ பின்னாடி ஹாரன் சத்தம் கேக்குது. பச்சை விழுந்திருச்சு, எடுங்க!” என்றார் அவர்.