வைத்துவிட்டுப் போனது யார்?

சிவகாசிப் பக்கம் பட்டாசு விபத்து வழக்கென்றால், அந்த நாளில் இ.த.ச. 304ஏ-யும் வெடிபொருள் சட்டத்தின் 9பி-யும் ஜோடியாகத்தான் வரும். போர்மேன் முதல் எதிரி, லைசென்ஸ்தாரர் இரண்டாம் எதிரி. இருவருக்கும் நானே வக்காலத்து போட்டது முதல் தப்பு.

முந்தின நாள் மீந்த பட்டாசு மருந்து, கலவை அறையிலேயே கிடந்தது என்பது போலீஸ் கதை. அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகச் சூடாகும். காலையில் கை வைத்தால் போதும். ஆனால் மருந்து கிடந்ததைப் பார்த்ததாக ஒரு சாட்சியும் சொல்லவில்லை. முழங்கைவரை தீத்தழும்போடு கூண்டேறிய அந்த அம்மாளும் முதல் விசாரணையில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன்.

“மீதி மருந்த ரூம்ல வச்சிட்டுப் போனது போர்மேன் இல்லதானம்மா?”

“அவரு இல்லங்கய்யா.”

‘மீதி மருந்தை அறையில் வைத்துவிட்டுப் போனது போர்மேன் அல்ல என்றால் சரிதான்’ என்று பதிவானது. அரசு வக்கீல் மறுவிசாரணையே கேட்கவில்லை.

சாயங்காலம் சீனியர் படித்துப் பார்த்தார். “போர்மேனக் காப்பாத்திட்ட. மருந்த நீயே கொண்டுபோய் உள்ள வச்சிட்டியேப்பா.”

‘போர்மேன் வைக்கவில்லை’ என்றால் யாருமே வைக்காமல் இருந்திருக்கலாம். ‘வைத்தது போர்மேன் அல்ல’ என்றால் வைத்தது வைத்ததுதான், ஆள்தான் பாக்கி. லைசென்ஸ்தாரருக்குத் தண்டனை; ஸ்ரீவில்லிபுத்தூர் அப்பீலிலும் நிலைத்தது.

சீராய்வுக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளை போனோம். சாட்சியத்தின் இங்கிலீஷ் டைப் செட்டில் மொழிபெயர்ப்பாளர் ‘தி போர்மேன் டிட் நாட் லீவ் இட்’ என்று போட்டிருந்தார். பேச்சு இங்கிலீஷில் ‘போர்மேன்’ மேல் குரலை அழுத்தினாலே நம் ‘வைத்தது போர்மேன் அல்ல’ வந்துவிடும். காகிதத்தில் குரல் ஏறாது; ‘இட் வாஸ்ன்ட் தி போர்மேன் ஹூ’ என்று வாக்கியத்தையே பிளந்தாக வேண்டும். (‘வாட் ஐ ஆம் சப்மிட்டிங் இஸ்’ என்று நாங்கள் நாளெல்லாம் இழுப்பதும் இதே ஜாதி வாக்கியம்தான். பாதி நேரம் அடுத்த வரியை யோசிக்க.)

பிளவு போனதில் எனக்குச் சந்தோஷம். மருந்து வைக்கப்படவே இல்லை என்று வாதாடினேன். நீதிபதி தமிழ் மூலத்தைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார்.

“இட் வாஸ்ன்ட் தி போர்மேன் ஹூ லெஃப்ட் இட், கவுன்சல்,” என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். “தென் ஹூ வாஸ் இட்?”