ஓட்டுக்கு விழுந்த குண்டு

எட்டாம் வகுப்பில் லிங்கன் பாடம். எதுக்கு சார் சுட்டாங்கன்னு கேட்டேன். “அவன் ஒரு நாடகக்காரன்டா, கிறுக்குப் பய” என்று வாத்தியார் பக்கத்தைப் புரட்டிவிட்டார். கிறுக்கன் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. எங்க தெருவுல குடிசை எரிஞ்சப்பவும் குடிகாரன் எவனோ வச்சுட்டான்னுதான் கேசை முடிச்சாங்க.

அந்தக் கிறுக்கன் பெயர் ஜான் வில்க்ஸ் பூத். வயது 26. பேரும் காசும் சம்பாதித்த நடிகன். 1859இல், அடிமைகளை ஆயுதத்தோடு எழுப்பப் பார்த்த ஜான் பிரவுனைத் தூக்கில் போட்டபோது, இரவல் சீருடை மாட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தவன். உள்நாட்டுப் போர் நடந்தபோது லிங்கனைக் கடத்தத்தான் முதலில் திட்டம் போட்டான்.

கடத்தல் கொலையாக மாறிய நாட்களைப் பாருங்கள். 1865 ஏப்ரல் 9இல் தென்பகுதியின் தளபதி லீ சரணடைந்தார். 11ஆம் தேதி வெள்ளை மாளிகைச் சன்னலில் நின்று லிங்கன் பேசினார். படித்த கறுப்பருக்கும், படையில் நின்று போரிட்ட கறுப்பருக்கும் ஓட்டு கொடுக்கலாம் என்றார். எல்லாருக்கும்னு கூட இல்ல, சிலருக்கு மட்டும். கூட்டத்தில் பூத் இருந்தான். இதுதான் இவன் கடைசிப் பேச்சு என்று கூட்டாளியிடம் சொன்னான். 14ஆம் தேதி இரவு ஃபோர்டு நாடக அரங்கில் சுட்டான். மறுநாள் காலை லிங்கன் செத்தார்.

விடுதலைப் பிரகடனம் வந்தது 1863இல். அப்பவும் அவனுக்கு ஆத்திரம்தான். தென்பகுதி தோற்ற வெறியும் இருந்தது. ஆனா ஓட்டுன்னு ஒரு சொல் காதுல விழுந்த மூணாம் நாளு துப்பாக்கி வெடிச்சிருச்சு.

சுட்டவன் கொடுங்கோலனை ஒழித்ததாகக் கத்தினான். ஓடி ஒளிந்தபோது, புரூட்டஸைப் புகழ்ந்த உலகம் என்னை நாய் மாதிரி விரட்டுதே என்று டைரியில் அழுதான். அடிக்கிறவனே அடிபட்டவன் மாதிரி ஒப்பாரி வைப்பது நமக்குப் புதுசா? வன்கொடுமைச் சட்டத்தை எடுன்னு ஊர்வலம் போறவங்க பேச்சும் இதுதானே.

2021 சனவரி 5இல் ஜார்ஜியா மாநிலம் முதன்முதலாக ஒரு கறுப்பரை, ரஃபேல் வார்னாக்கை, செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. மறுநாள் தோற்ற அதிபர் டிரம்பின் ஆட்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். பூத் எந்தப் பக்கத்துக்காகச் சுட்டானோ அந்தப் பக்கத்துக் கொடியை ஒருவன் உள்ளே தூக்கிக்கொண்டு நடந்தான். ஓட்டுத் திருட்டு நடந்ததாக அவர்கள் கைகாட்டிய ஊர்கள் டெட்ராய்ட், பிலடெல்பியா, அட்லாண்டா. கறுப்பு சனம் நிறைந்த ஊர்கள்.

அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் ஜோதிராவ் பூலே 1873இல் தன்னுடைய ‘குலாம்கிரி’யைக் காணிக்கையாக்கினார். அவங்க கதையும் நம்ம கதையும் ஒண்ணுன்னு அன்னைக்கே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 1997 சூன் 30 மேலவளவு. பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். சேரிக்காரன் வயலில் இறங்கினால் பொறுப்பான். ஓட்டு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அரிவாள் எடுப்பான்.

அந்த வாத்தியாரிடம் இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது. அவன் கிறுக்கன் இல்ல சார். ஓட்டுன்னா என்னன்னு நமக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.