பாணேர்ப் பட்டறைகளில் கரியிழையும் வெப்பமும்

புணே நகரின் மேற்கு விளிம்பில், மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்துள்ள பாணேர் இன்று மென்பொருள் அலுவலகங்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் பெயர்பெற்றிருந்தாலும், வேகக் கார்களைத் திருத்தியமைக்கும் சிறு பட்டறைகள் இப்பக்கம் காலூன்றியதில் வியப்பில்லை. பலபடிச் சேர்ம ஆய்வில் பெயர்பெற்ற தேசிய வேதியியல் ஆய்வகம் 1950 முதல் அருகிலுள்ள பாஷாணில் இயங்குகிறது. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. 1966இல் இதே நகரில் தொடங்கப்பட்டது. பிம்ப்ரி, சாக்கன் ஆகிய இடங்களின் கார்த் தொழிற்சாலைகளும் தொலைவில் இல்லை. பிசினை அறிந்த கைகளும் எஞ்சினை அறிந்த கைகளும் ஒரே ஊரில் கிடைப்பது இத்தொழிலுக்கு முதல் தேவையாகும்.

இப்பட்டறைகளை நாடுவோர் கரியிழை பானெட்டை ஒரு வேலையாகவும் எஞ்சின் குளிர்விப்பை வேறொரு வேலையாகவும் கேட்பது வழக்கம் என்றாலும், வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் வெப்பத்தைக் கையாளும் ஒரே தொழிலின் இரு பக்கங்களாகவே தெரிகின்றன.

பட்டறையில் ‘கார்பன்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கரியிழை, பாலிஅக்ரிலோநைட்ரைல் எனும் செயற்கை நூலை முதலில் காற்றிலும் பின்னர்க் காற்றில்லா உலையில் ஆயிரம் பாகைக்கு மேலும் சுட்டு, கரி மட்டும் எஞ்சும்படி செய்த இழையாகும். ஓர் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான், அதாவது தலைமுடியின் பத்தில் ஒரு பங்களவு. இத்தகைய 3,000 இழைகள் சேர்ந்த புரியை ‘3கே’ என்பர். இரண்டு பாவு நூல்களுக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாக ஊடை சென்று, சாய்ந்த வரிகளைக் காட்டும் ‘ட்வில்’ நெசவுத் துணியே கார் உறுப்புகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உடைய இப்பொருளை, பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டுநர் அமரும் கூடு முழுவதற்கும் முதன்முதலில் பயன்படுத்தியது 1981ஆம் ஆண்டின் மெக்லாரன் எம்பி4/1 காராகும்.

களத்தில் பார்த்த ஒரு பட்டறையில், மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கிய மோல்டின் மேல் துணியை விரிப்பதற்கு முன், பணியாளர் அதன் ஓரங்களை ஒட்டுநாடாவால் கட்டிக்கொண்டார். ஒரு புரி நழுவினாலும் சாய்வரி வளைந்து, முடிந்த பானெட்டில் அது ஆயுளுக்கும் தெரியும் என்பதே காரணம். எபாக்சி பிசினும் அதை இறுகச்செய்யும் ஹார்டனரும் தராசில் நிறுத்தே கலக்கப்படுகின்றன; கண்ணளவுக்கு இங்கே இடமில்லை. கலந்த குவளையை அப்படியே வைத்தால் வேதிவினையின் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு புகையத் தொடங்கும் ஆதலால், கலந்த உடனே அது அகலமான தட்டில் ஊற்றப்படுகிறது. துணியில் பிசின் ஊறியபின், மிகையானதை உறிஞ்சும் அடுக்குகள் வைத்து, பிளாஸ்டிக் உறையால் மூடிக் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்றே அச்சுப்பொறியாகி உறுப்பை அழுத்துகிறது. புணே கடல்மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அந்த அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

மழைக்காலம் இத்தொழிலுக்குப் பகை. காற்றின் ஈரம் ஹார்டனரிலுள்ள அமீனோடு சேர்ந்து பரப்பில் மெழுகு போன்ற வெண்படலத்தை உண்டாக்குகிறது. அதைக் கழுவித் தேய்க்காமல் மேற்பூச்சு கொடுத்தால், பூச்சு சில மாதங்களில் உரிந்துவிடும். இன்னும் பெரிய சிக்கல், அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50 முதல் 70 பாகை செல்சியசிலேயே விறைப்பை இழந்து நெகிழத் தொடங்குவதாகும். மே மாத வெயிலில் நிற்கும் கரிய பானெட் அந்த எல்லையை எளிதாகத் தொடும் என்பதோடு, அடியிலிருந்து டர்போவின் அனலும் சேரும்போது, துணியின் நெசவு மேற்பூச்சின் வழியே மேடுபள்ளமாக எழும்பித் தெரிகிறது. ஆகவே, தேர்ந்த பட்டறைகள் உறுப்பைச் சூட்டறையில் படிப்படியாகச் சுட்டுப் பதப்படுத்துகின்றன. பானெட் வாழ்நாளில் காணப்போகும் சூட்டைவிடக் கூடுதலான சூட்டை முன்னரே கண்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. விலையைக் குறைப்பவர்கள் முதலில் கைவிடுவது இந்தப் படியைத்தான். கண்ணாடியிழையின் மேல் ஒரே ஓர் அடுக்குக் கார்பனைப் போர்த்தி, முழுக் கார்பன் என்று விற்பதைவிட இது மோசமானது. அந்தப் போர்வையாவது யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

குளிர்விப்பில் நிகழும் பிழைகளுக்கு ஓட்டைகளே பெரும்பாலும் காரணமாகின்றன. எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியே வெளியேற வேண்டியிருக்க, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரையும் ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தும்போது, ஏற்கெனவே சூடேறிய காற்றே ரேடியேட்டரை அடைகிறது. காற்று எப்போதும் எளிய வழியையே நாடுமாதலால், ரேடியேட்டரின் ஓரங்களில் விரலளவு இடைவெளி இருந்தாலும் அதன் துடுப்புகளைத் தவிர்த்து அந்த இடைவெளி வழியே நழுவிவிடும். சில நூறு ரூபாய் நுரைப்பட்டையால் அதை அடைப்பது விலையுயர்ந்த அலுமினிய ரேடியேட்டரைவிடப் பல சமயம் பயனளிக்கிறது. பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து உயர்த்தும் பழக்கம் இளைஞர்களிடம் பரவலாக உண்டு. ஆனால், ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடிப்பகுதி அழுத்தம் மிகுந்த இடமாதலால், அங்கே வெளியேறுவதற்கு மாறாகக் காற்று உள்ளே புகுந்து, ரேடியேட்டரைக் கடந்துவரும் ஓட்டத்தையும் எதிர்க்கிறது. காற்றுப்போக்கி வைக்கவேண்டிய இடம், பானெட்டின் அழுத்தம் குறைந்த முன்பகுதி. மும்பையிலிருந்து திரும்பும் கார் போர்காட் மலைச்சாலையில் நெடுநேரம் ஏறும்போதுதான் இந்த இட வேறுபாட்டின் விளைவு வெப்பமானியில் தெளிவாகத் தெரியும்.

பணியாளர்களில் பலர் கண்ணாடியிழை வேலையிலிருந்து வந்தவர்கள். கரியிழையைத் தேய்க்கும்போது எழும் தூள் தோலில் குத்துவதோடு மின்சாரத்தையும் கடத்துவதால், கைக் கிரைண்டர்கள் உள்ளுக்குள் குறுக்குமின்னோட்டம் கண்டு எரிந்துபோகின்றன. எபாக்சிக்கு ஒருமுறை ஒவ்வாமை கண்ட தோல், பின்னர்ச் சிறு துளியையும் பொறுப்பதில்லை. அத்தகையவர் தொழிலையே விட நேர்கிறது. கையுறையின் விலையைப் பேரம்பேசும் உரிமையாளர்களும் இல்லாமல் இல்லை.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தபின், பெரிய மாற்றங்களுக்குப் பொருத்தமான இடம் பந்தயத் தடமே ஆகிறது. கோயம்புத்தூர்ச் செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் பார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருகிறார்கள்.

முடிந்த பானெட்டை ஒப்படைக்குமுன் மூத்த பணியாளர் ஒரு ரூபாய் நாணயத்தால் அதை விரல்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போகிறார். அடுக்குகள் ஒட்டிய இடத்தில் ஓசை கணீரென்று கேட்க, உள்ளே காற்று சிக்கிய இடத்தில் அது மந்தமாகிறது. அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, அவர் அடுத்த விளிம்புக்கு நகர்கிறார்.