மைனஸ் 18-ல் ஒரு மண் வீடு!

‘எல்.டி.சி. வீணாப் போகுது... எங்கேயாவது போய்ட்டு வாங்கப்பா’ என்று ஆபீஸில் ஒருத்தர் கொளுத்திப் போட்டார். விளைவு, பக்கத்து சீட் நண்பனும் நானும் சில வருஷங்களுக்கு முன் லடாக்கில், லே விமான நிலையத்தில் போய் இறங்கினோம். ஜூன் மாதம் போக வேண்டிய ஊருக்கு ஜனவரியில் போனதற்குக் காரணம், லீவ் சாங்ஷன் செய்த அதிகாரியின் நல்ல மனசு!

லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரம். ஊட்டியின் தலையில் இன்னொரு நாலாயிரம் அடியை ஏற்றி வைத்த மாதிரி. பத்துப் படி ஏறினால் நாய் மாதிரி மூச்சு வாங்குகிறது. முதல் இரண்டு நாள் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கணும் என்பது டாக்டர்கள் உத்தரவு. (ஆபீஸில் வருஷக்கணக்கில் பிராக்டீஸ் இருந்ததால் சமாளித்துவிட்டோம்!)

தங்கியது புத்தம்புது கான்கிரீட் லாட்ஜ். பளபள டைல்ஸ், வழவழ சுவர். ராத்திரி வந்ததும்தான் சாயம் வெளுத்தது. வெளியே மைனஸ் 18 டிகிரி. குழாய் உறைந்து போச்சு. வாளித் தண்ணீர் மேல் ஐஸ் மூடி. தேங்காய் எண்ணெய் பாட்டிலை வைத்து ஆணி அடிக்கலாம். ஹீட்டரைப் போட்ட அரை மணியில் கரண்ட் அவுட். நாலு கம்பளிக்குள்ளிருந்து திருநெல்வேலிக்கார நண்பனின் குரல் மட்டும் வந்தது: “ஏலே, மார்ச்சுவரியில கூட இதைவிட வெதுவெதுப்பா இருக்கும்லே!”

காலையில் எங்கள் கோலத்தைப் பார்த்து டாக்ஸி டிரைவருக்கே இரக்கம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வயசுப் பையன். “எங்க வீட்டுக்கு வாங்க சார்” என்று சிந்து நதியோரமாக அரை மணி ஓட்டிப்போய் ஒரு கிராமத்தில் நிறுத்தினான்.

மண் வீடு. ‘இதிலேயா?’ என்று நண்பன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். வாசலில் டிரைவரின் அப்பா கைகூப்பி, “ஜூலே!” என்றார். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். அவரை ‘ஆபா-லே’ என்று கூப்பிடணுமாம். ‘லே’ சேர்த்தால் மரியாதை! நண்பனுக்கு ஒரே குஷி. “நம்ம ஊர்ல ‘லே’ போட்டா அடிக்க வருவான். இங்கே உபசாரம் பண்றாங்களே!”

கீழ்த்தளம் மாட்டுக் கொட்டகை. மேலே ஏறி அறைக்குள் நுழைந்ததும் என் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஐந்தாவது நிமிஷம் குல்லாவைக் கழற்றினேன், பத்தாவது நிமிஷம் ஸ்வெட்டரை. அந்த அறையில் அடுப்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை!

ஆபா-லே சிரித்தபடி என் கையைப் பிடித்து தெற்குச் சுவரில் வைத்தார். வெதுவெதுவென்று, இப்போதுதான் இறக்கி வைத்த பால் சட்டி மாதிரி.

விஷயம் இதுதான். தெற்குப் பக்கத்து மண் சுவருக்கு வெளிப்புறம் கறுப்பு பெயின்ட். அதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு கண்ணாடித் தடுப்பு. லடாக்கில் குளிர் காலத்திலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக்குள் புகுந்த வெயில் சுவரைச் சுடவைக்கிறது. இடைவெளியில் சூடான காற்று, சுவரின் மேல் ஓட்டை வழியாக அறைக்குள் வர, குளிர்ந்த காற்று கீழ் ஓட்டை வழியாக வெளியேறி மறுபடி சூடாகிறது. ராத்திரி ஓட்டைகளை மூடிவிட்டால், சுவர் தான் வாங்கிய சூட்டை மெதுவாக உள்ளே விடுகிறது. காலையில் வாங்கியதை ராத்திரிதான் கொடுக்கும்... நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி. ஆனால் இங்கே அந்தத் தாமதம்தான் லாபம்!

இதற்குப் பெயர் ட்ரோம்ப் சுவர். 1881-லேயே எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1960-களில் பிரான்சில் வீடு கட்டிக் காட்டிப் பிரபலமாக்கியவர் ஃபெலிக்ஸ் ட்ரோம்ப். மீதி எல்லாம் லடாக்கிகளின் பாட்டன் சொத்து. வெயிலில் காய்ந்த பச்சை மண் கல். கூரைக்கு பாப்லர் மர உத்திரம், அதன்மேல் வில்லோ குச்சிகள், வைக்கோல், மண். டாய்லெட்டில்கூடத் தண்ணீர் கிடையாது. தரையில் ஒரு ஓட்டை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளினால் கோடையில் வயலுக்கு உரம். உறைவதற்குக் குழாயே இல்லை!

ராத்திரி வெண்ணெய் டீ குடிக்கும்போதுதான் டிரைவர் குண்டைத் தூக்கிப் போட்டான். “கோடையில இதை இடிச்சுட்டு கான்கிரீட்ல கட்டப் போறேன் சார். மண் வீடுன்னா பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க.”

ஆபா-லே டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“அது மட்டுமில்ல சார்...” என்றான், குரலை இறக்கி. 2010 ஆகஸ்ட் 5 ராத்திரி லேயில் மேகம் வெடித்துக் கொட்டிய மழை. இருநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். “எங்க வீட்டுப் பின்சுவர் கரைஞ்சு மாட்டு மேலே விழுந்துச்சு. அப்போ நான் ஸ்கூல் பையன். இப்பவும் மழைச் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது.”

நமக்கு மண் வீடு அழகு, அதிசயம், போட்டோ. அவனுக்கு அது பயம். பதில் சொல்லத் தெரியாமல் நாங்கள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவனே ஃபே கிராமத்துப் பக்கம் ‘செக்மோல்’ வளாகத்துக்குக் கூட்டிப்போனான். 1988-ல் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் தொடங்கிய கல்வி இயக்கம் அது. (நம்ம ‘நண்பன்’ படத்துக்கு மூலமான ‘3 இடியட்ஸ்’ ஹீரோவிடம் இவர் சாயல் உண்டு என்பார்கள்.) பெரிய மண் கட்டடம், தெற்கு பார்த்த கண்ணாடி, குளிர் காலத்தில் சூடு பிடிக்க பிளாஸ்டிக் கூடாரம். 2016-ல் பிரான்சின் லியோன் நகரில், மண் கட்டடங்களுக்கான சர்வதேச ‘டெரா’ விருது வாங்கியது. நம்ம டிரைவர் எங்களை மறந்துவிட்டு, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்கு வந்து மறந்தே போனோம். ஜூனில் ஒருநாள், ஃபைலுக்கு நடுவே என் போனில் ஒரு போட்டோ. ஓடையை விட்டுத் தள்ளி மேடான இடம், உயரமான கருங்கல் அடித்தளம், பக்கத்தில் வரிசை வரிசையாகக் காயும் மண் கற்கள். நடுவில் ஆபா-லே, இடுப்பில் கை வைத்து, மேஸ்திரி மாதிரி!

கீழே டிரைவரின் ஒரு வரி: ‘ஆபா-லே ஜெயிச்சுட்டார் சார்... ஆனா, சமையல் ரூமுக்கு மட்டும் டைல்ஸ்!’