மடைக்குப் போன கொள்ளிவாய்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் நேரே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குத்தான் போவார்கள். நானும் போனேன். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் சுவரில் வெட்டிய குடவோலை விதிகள் கறாரானவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக்கூடாது, அவன் உறவுக்காரனும் வரக்கூடாது. பிறர் பொருளைத் திருடியவனுக்கும் இடமில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் 6 பேர் கொண்ட ஏரி வாரியம்.

நான் வந்த காரியம் வேறு. ஏரி உள்ள ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு இல்லாமல் இருக்காது; அதை விசாரிக்க வந்தேன்.

ஸ்காட்லாந்துக்காரர்களிடமும் ஒன்று உண்டு. பெயர் ஸ்பங்கி. சதுப்பு நிலத்தில், தூரத்து வீட்டு விளக்குபோல மினுக்கும். வழி தப்பியவன் நம்பி நடப்பான். அது விலகி விலகிப் போய் அவனைப் புதைசேற்றில் இறக்கிவிடும். கடலோரத்தில் மாலுமிகளையும் விட்டுவைக்காது. ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் வெளிவந்த தன் முதல் தொகுப்பில், சாத்தானை விளித்துப் பாடிய கவிதையில் இதைக் கொண்டுவருகிறார். அங்கே சிக்குகிறவன் குடித்துவிட்டு நேரங்கழித்துத் திரும்புகிறவன். (நம் ஊர்க் கதைகளிலும் கொள்ளிவாயைப் பார்த்தவர்கள் பலர் கள்ளுக்கடை வழியாக வந்தவர்கள்தான்.)

விஞ்ஞானம் இதைச் சேற்று வாயு என்கிறது. 1776-ல் வோல்டா, இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, குமிழியிட்ட வாயுவைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். அதுதான் மீத்தேன். ஆனால் ஆளில்லாத இடத்தில் அது தானாக எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதில் வேதியியலாளர்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை.

பொழுது சாயும் நேரம் ஏரிக்கரைக்குப் போனேன். பல்லவர் காலத்து ஏரி. வைரமேகத் தடாகம் என்பது பழைய பெயர். தை மாதம், தண்ணீர் நிறைந்து கிடந்தது. டீ போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம், கொள்ளிவாயைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

"பாக்காம இன்னா சார்? சின்ன வயசுல தெனமும்தான். தவள புடிக்கிறவனுங்க பெட்ரோமாக்ஸ் எடுத்துகினு வயலெல்லாம் சுத்துவானுங்க. தூரத்துல பாத்தா அதேதான்."

அந்தத் தவளைகளின் கால்கள் கப்பலேறி வெளிநாட்டுத் தட்டுகளுக்குப் போயின. 1987-ல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதோடு பிசாசும் குறைந்ததா என்றேன்.

"அது பாதி சார். மீதி, மடைக்குப் போனவன். மொறத்தண்ணி வரலன்னா ராத்திரி அரிக்கேன் எடுத்துகினு போயி தெறந்துட்டு வந்துருவான். காலைல கேட்டா, 'ஐயோ, மடையாண்ட கொள்ளிவாய் எரிஞ்சுது, நான் அந்தப் பக்கமே போவல'ம்பான்."

பக்கத்து வயல்காரனை விடியும்வரை வீட்டுக்குள் நிறுத்திவைக்க இதைவிடச் செலவில்லாத காவல் எது? கோயில் சுவரில் இருந்த விதிகள் நினைவுக்கு வந்தன. அந்த 6 பேரில் எத்தனை பேர் வெளிச்சத்தைப் பார்த்துக் கரைப்பக்கம் போயிருப்பார்கள், எத்தனை பேர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள்? அவர்களில் ஒருவர் கையிலேயே விளக்கு இருந்திருக்கவும் கூடும். கணக்கைப் பற்றி அத்தனை கவலைப்பட்டவர்கள் காரணமில்லாமல் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்பங்கி கதையைப் பெரியவருக்குச் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஊர்ல மழ எப்பிடி?"

"வருஷம் பூராவும் பெய்யும்."

"அப்ப மடத் தகராறே வராது. அது நெஜப் பிசாசாதான் இருக்கும் சார்."