ரிச்சி தெருவில் ஒரு ஊசி வேட்டை!

"பாட்டே இல்லாத ரெக்கார்டா? அதை எதுக்குத் தம்பி காசு குடுத்து வாங்குற?"

சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸில் பழைய இசைத்தட்டு விற்கும் பெரியவர் இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்விதானே மக்களே! 1985-ல் பழைய மூர் மார்க்கெட் தீயில் போன பிறகும், ரெக்கார்டு பைத்தியங்களுக்கு இந்த ஏரியாதான் கோயில். அங்கே போய் 'டைம்கோட் வினைல் இருக்கா?' என்று கேட்டது என் தப்பு.

விஷயம் இதுதான். எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில் இந்த வருஷம் டி.ஜே. நைட் எங்க பொறுப்பு. நாலு பேர் சேர்த்த காசு 28 ஆயிரம். அதில் 9 ஆயிரம், என் ரூம்மேட் லீவு நாளெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தி பரிமாறிச் சம்பாதித்தது. தப்பான சாமானை வாங்கினால் அவன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

காசை மிச்சம் பிடிக்க ஒரு ஐடியா வைத்திருந்தேன். திண்டிவனம் பக்கம் தாத்தா ஒரு காலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து என்றால் கூம்பு ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடுவார். அந்த பிளேயர் பரணில் சும்மாதானே தூங்குது? தூக்கிட்டேன்! பையில் அதோடு சென்ட்ரலில் மெட்ரோ ஏறினேன். அடுத்த ஸ்டாப் அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் ரிச்சி தெரு.

இந்தத் தெருவைப் பார்க்காமல் இன்ஜினீயரிங் முடிச்சேன்னு சொல்லாதீங்க பாஸ். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று எல்லாச் சந்திலும் ஒயரும் போர்டும்தான். ஒரு பக்கம் மீன்பாடி வண்டியில் ஸ்பீக்கர் பெட்டி வரும், மறுபக்கம் பைக் ஹாரன் காதைக் கிழிக்கும். நடுவில் "என்ன சார் வேணும்? லேப்டாப்பா, சி.சி.டி.வி.யா?" என்று நாலு பேர் கூப்பிடுவாங்க. சால்டர் புகையும் சமோசா வாசனையும் சேர்ந்தே வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போயிடாதீங்க, பெரும்பாலான ஷட்டர் சாத்தியிருக்கும்.

ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் பண்ணும் பாயிடம் தாத்தா பிளேயரை நீட்டினேன். ஊசி இருக்கும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மோனோ தம்பி. ஒரு காதுதான். நீ சொல்ற தட்டுக்கு ரெண்டு காது வேணும்."

அந்த ஒரு வரியில் மூணு செமஸ்டர் பாடம் புரிந்தது! டைம்கோட் தட்டில் இருப்பது 'கீ...' என்று ஒரே சத்தம். பாட்டெல்லாம் லேப்டாப்பில். செராட்டோ தட்டில் அந்தச் சத்தம் 1,000 ஹெர்ட்ஸ். தட்டைக் கையால் இழுத்து 900 ஆக்கினால், 'ஓஹோ, 10 சதவீதம் வேகம் குறைஞ்சிருக்கு' என்று சாஃப்ட்வேர் பாட்டையும் இழுக்கும். தட்டு முன்னால் போகுதா, பின்னால் போகுதா என்று எப்படித் தெரியும்? இடது, வலது சேனல் இரண்டிலும் அதே சத்தம், ஆனால் 90 டிகிரி தள்ளி. நாம மேத்ஸில் போட்டுத் தள்ளிய அதே சைன், காஸ்! எது முந்துது என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். ஊசி தட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் அந்தச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்திலேயே எழுதியிருக்கும். தாத்தா பிளேயரில் ஒரே சேனல், அதனால் திசையே தெரியாது. ஐடியா அவுட்!

"டீ சாப்புடு" என்றார் பாய். முகத்திலேயே தெரிந்துவிட்டது போல.

டீயோடு கொஞ்சம் ஜி.கே. இந்த டெக்னாலஜியை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது 'ஃபைனல் ஸ்கிராட்ச்'. ஆம்ஸ்டர்டாமில் உருவாகி, 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதை மேடையில் பிரபலமாக்கிய டி.ஜே.க்களில் ஒருத்தர் பெயர் ரிச்சி ஹாடின் (சத்தியமா நம்ம தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லீங்க!). 2004-ல் நியூசிலாந்தின் செராட்டோவும் அமெரிக்காவின் ரேனும் சேர்ந்து 'ஸ்கிராட்ச் லைவ்' கொண்டுவந்தார்கள். 2007-ல் பெர்லினிலிருந்து 'ட்ராக்டர் ஸ்கிராட்ச்' வந்தது.

இந்த ஜி.கே. அன்றைக்கே உதவியது. இரண்டு கடை தள்ளி ஒருத்தர், "செராட்டோ பெட்டி, சல்லிசா தர்றேன்" என்றார். பார்த்தால் ஸ்கிராட்ச் லைவ் காலத்து முதல் மாடல். அந்த சாஃப்ட்வேரையே 2015-ல் நிறுத்திட்டாங்க. புது செராட்டோ இந்தப் பெட்டியை ஏற்காது. ஜஸ்ட் மிஸ்! ரூம்மேட் பரிமாறிய அத்தனை பந்தியும் அங்கேயே வீணாகியிருக்கும்.

அதனால சொல்றேன், பெட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி எந்த சாஃப்ட்வேர் என்று முடிவு பண்ணுங்க. செராட்டோ அருமையானது, ஆனால் அது அங்கீகரித்த பெட்டிகளோடு மட்டும்தான் டைம்கோட் வேலை செய்யும். லைசென்ஸும் வேணும். 'மிக்ஸ்' என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, பைசா செலவில்லை. ஸ்டீரியோ இன்புட் உள்ள சவுண்ட் கார்டு எதுவானாலும் சரி என்று சொல்லும். லேப்டாப் மைக் ஓட்டையில் சொருகலாமேன்னு நினைக்காதீங்க, பொதுவா அதுவும் மோனோதான்!

நாங்க மிக்ஸ் பக்கம் போனோம். மிச்சக் காசு கை படுகிற இடத்துக்குப் போனது. புதுப்பேட்டையில் ஒரு கல்யாண டி.ஜே. அண்ணன் விற்ற டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் 15 ஆயிரம் (பெல்ட் ஓட்டுற மாடல் ஸ்கிராட்ச் பண்ண இழுக்காது, வேண்டாம்). ஊசியும் அதன் தலையும் புதுசு, 4,500. ஃபோனோ இன்புட் உள்ள செகண்ட் ஹேண்ட் சவுண்ட் கார்டு 6 ஆயிரம். ஆன்லைனில் டைம்கோட் தட்டு 1,800. ஆக மொத்தம் 27,300. மீதி 700-க்கு நாலு பேரும் பிரியாணி! இரண்டு டர்ன்டேபிள் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு பாட்டு தட்டில், அடுத்த பாட்டு கீபோர்டில். சமாளிக்கலாம்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் ரிகர்சல். முதலில் 'ம்ம்ம்...' என்று ஒரு இரைச்சல். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை மாட்டியதும் அடங்கியது. கை அசைத்துக் கொஞ்சம் கழித்துத்தான் பாட்டு அசைந்தது. பஃபரை 512 சாம்பிளிலிருந்து 256-க்குக் குறைத்தோம். 44,100 சாம்பிள் கணக்கில் 11.6 மில்லி செகண்ட் 5.8 ஆகிறது. கையும் பாட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் கண்டம். பேஸ் ஏற்றியதும் மேஜை அதிர்ந்தது, ஊசி துள்ளியது, பாட்டு பல்லவியிலிருந்து கடைசிச் சரணத்துக்குத் தாவியது! ரூம்மேட் என்னைப் பார்த்த பார்வை இருக்கே...

பாய்க்கு போன் போட்டேன். "அடியில கனமா எதையாவது வை தம்பி." கட்டட வேலைக்கு இறக்கியிருந்த பேவர் பிளாக் நாலு, அதன்மேல் பழைய யோகா மேட், அதன்மேல் டர்ன்டேபிள். சாஃப்ட்வேரிலும் 'அப்சல்யூட்' மோடை 'ரிலேட்டிவ்' ஆக்கினோம். இதில் ஊசி எந்த இடம் என்று பார்க்காது. வேகமும் திசையும்தான் கணக்கு. துள்ளினாலும் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும்.

அன்று ராத்திரி தாத்தாவுக்கு போன் பண்ணி எல்லாக் கதையும் சொன்னேன். லேப்டாப், பஃபர், சைன் வேவ் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிப்பா... ஊசியைத் துடைச்சியா?"

துடைக்கலை. பிரஷ் எடுத்துத் துடைத்தேன். சுருண்டு வந்தது ஒரு தூசிப் பஞ்சு!

அடுத்த சனிக்கிழமை டி.ஜே. நைட். ரூம்மேட்தான் முதல் பாட்டு போடுறான். காசு போட்டவனுக்கு அந்த மரியாதை வேண்டாமா? தாத்தா பிளேயரைத் திரும்ப பரணில் ஏற்றவில்லை. அல்லிக்குளம் பெரியவரிடம் அதுக்கேத்த ஒரு ரெக்கார்டு வாங்கணும். இந்த வாட்டி பாட்டு இருக்கிற ரெக்கார்டு!