எடைக்குப் போக இருந்த இழைப்பு மெஷின்

காயலான் கடைக்காரர் கிலோவுக்கு 28 ரூபாய் பேசியிருந்தார். அதே விலையை நானே தர்றேன்னு சொன்னதும் ஆசாரி மகன் என்னை ஒரு தினுசாப் பார்த்தார். "அது ஓடாதுங்கண்ணே. கஜாவுல கொட்டகை பறந்ததுலேர்ந்து மழையிலயும் வெயில்லயும் கெடக்கு." ஓடாதுன்னு எனக்கும் தெரியும். எடை போட்டா 380 கிலோ. 10,640 ரூபாயை எண்ணிக் கொடுத்துட்டு டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு வந்துட்டேன். ஏத்த ஆறு பேர், இறக்க எட்டுப் பேர். அதுல ரெண்டு பேர் யோசனை சொல்ல மட்டும் வந்தவங்க.

டவுன்ல இருக்குற நண்பர்களுக்கு இது என்ன மெஷின்னு சொல்லிடறேன். எங்க பக்கம் 'இழைப்பு மெஷின்'னுதான் பேரு. வார்ப்பிரும்புல ரெண்டு மேசை, நடுவுல கத்தி மாட்டுன உருளை. மேல மரத்தைத் தள்ளினா இழைச்சுக் கொடுக்கும். உருளைக்குக் கீழ இன்னொரு மேசை இருக்கு. அதுல விட்டா பலகை முழுக்க ஒரே கனமா வெளியில வரும். ஒரு பக்கம் வட்ட ரம்பம். இன்னொரு பக்கம் கழுந்து இறங்குற துளை போடற வசதி. 80கள்ல சிங்கப்பூர் பணத்துலயும் வளைகுடாப் பணத்துலயும் இந்த ஊர்ல மாடி வீடு எழும்பினப்போ நிலை, கதவு, ஜன்னல் பாதிக்கு மேல இந்த ஒரு மெஷின்ல இழைச்சதுதான்.

அதுக்கு முந்தி ஆசாரிக்குக் கூலி நெல்லுதான். ஏர், பரம்பு, வண்டின்னு வருஷம் முழுக்கச் செப்பனிட்டுத் தருவார். அறுவடை அன்னைக்குக் களத்துலயே அவர் பங்கை அளந்துடுவாங்க. அந்தப் பங்குக்குப் பேரு 'சுதந்திரம்'. ஆகஸ்ட் 15க்குப் பள்ளிக்கூடத்துல மிட்டாய் கொடுக்கறப்போ, இதுக்கும் ஆசாரி வாங்குற நெல்லுக்கும் என்ன சம்பந்தம்னு குழம்பியிருக்கேன். டிராக்டர் வந்துச்சு, ஏரும் போச்சு, சுதந்திரமும் போச்சு. கதவு வேலை இருபது வருஷம் தாங்குச்சு. இப்ப அதுவும் ரெடிமேடா லாரியில வந்து இறங்குது. மகன் லோடு ஆட்டோ ஓட்டுறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தச்சு வேலையில மாசத்துக்கு எத்தனை நாள் கூலி நிக்கும்னு எனக்கே தெரியும்.

சரி, விவசாயிக்கு எதுக்கு இந்த மெஷின்? என்கிட்ட மரம் இருந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா கரையேறி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணின்னு புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. தென்னையைப் பத்தி எல்லாரும் எழுதினாங்க. கொல்லைக்குக் கொல்லை சாய்ஞ்ச பலா, மா, தேக்கு, பூவரசை யாரு எழுதினாங்க? பாதை அடைச்சுக் கெடக்கு, வெட்டி எடுத்துக்கிட்டுப் போனாப் போதும்னு வந்த விலைக்கே விட்டாங்க. எங்க களத்துமேட்டுப் பூவரசை நான் விடலை. மரவாடியில ரெண்டு இஞ்சுப் பலகையா அறுத்து, ஊடால குச்சி கொடுத்து, காத்து போற மாதிரி கொட்டகைப் பரண்ல அடுக்கிட்டேன். இஞ்சுக்கு ஒரு வருஷம் காயணும்பாங்க. அது அஞ்சு வருஷத்துக்கு மேலயே காய்ஞ்சு கெடந்தது. பூவரசுன்னா உங்களுக்கு இலையைச் சுருட்டி ஊதுன பீப்பி ஞாபகம் வரும். வைரம் பாய்ஞ்ச பூவரசோட கருஞ்சிவப்பை ஒரு தடவை இழைச்சுப் பார்க்கணும்.

தை அறுவடை முடிஞ்சதுலேர்ந்து, ஜூன்ல மேட்டூர் திறந்து புதாத்துல தண்ணி வர்ற வரைக்கும் எங்களுக்குக் கொஞ்சம் கை ஓய்வு. மெஷினை அந்த மாசங்கள்ல பிரிச்சேன். கனமான வார்ப்பு, அதனால துரு தோலோட நின்னிருந்தது. போல்ட்டுகள் கதை வேற. ரெண்டு வாரம் தினம் சாயங்காலம் டீசல் ஊத்தி ஊத்தி, அதுக்கும் மசியாததை கேஸ் வெல்டிங்காரரை வெச்சுச் சூடு காட்டிக் கழட்டினோம். சின்னச் சாமான்களுக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம், தண்ணி, சலவை சோடா, பேட்டரி சார்ஜர். மைனஸ் முனை துருப்பிடிச்ச சாமானுக்கு, பிளஸ் முனை ஒரு பழைய இரும்புக் கம்பிக்கு. மறுநாள் துரு கருப்புச் சேறாக் கழண்டு வரும். யாராவது செஞ்சு பார்க்கறதா இருந்தா, பிளஸ் பக்கம் எவர்சில்வரைக் கட்டாதீங்க, குரோமிய விஷம் தண்ணியில இறங்கும். வெட்டவெளியில செய்யுங்க, வர்றது ஹைட்ரஜன். இதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்த அம்மா ஒரு உருண்டைப் புளியைக் கரைச்சுக் கொண்டாந்து வெச்சாங்க. "பித்தளைக்கு ஆவுறது இதுக்கு ஆவாதா?" ஆச்சு. ராத்திரி முழுக்க ஊறப்போட்ட நட்டுகள் சுத்தமா வந்துச்சு. சார்ஜருக்குச் செலவழிச்ச கரண்டை நினைச்சு எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

மேசைக்கு அடியில இருந்த மண்ணும் துருவும் போனதும் இங்கிலீஷ்ல 'பட்டாலா'ன்னு வார்த்த எழுத்து தெரிஞ்சது. பஞ்சாப்ல வார்ப்பு வேலைக்கும் லேத்து, ஷேப்பருக்கும் பேர் போன ஊர். இப்ப எங்க வயல்ல இறங்குற அறுவடை மெஷின்கள்லயும் பலது பஞ்சாப்ல செஞ்சதுதான். உருளை ரெண்டு பக்கமும் இறுகியிருந்தது. பேரிங்கைத் துடைச்சா 6206ன்னு நம்பர். கடைசி ரெண்டு இலக்கத்தை அஞ்சால பெருக்கினா உள்துளை: 30 மில்லி. உலகத்துல எந்த ஊர்ல செஞ்ச 6206ஆ இருந்தாலும் அதே அளவுதான். தஞ்சாவூர்ல கடையில நம்பரைச் சொன்னேன், பத்து நிமிஷத்துல கையில கெடைச்சது. நாப்பது வருஷம் ஆன மெஷினுக்கு இன்னிக்கும் சாமான் கெடைக்குது. எங்க வீட்டு மிக்சிக்கு மூணு வருஷத்துல கெடைக்கலை.

அடுத்தது கரண்டு. 1990லேர்ந்து பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் உண்டு, ஆனா அந்த இணைப்புல மரம் இழைக்கக் கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும். தனி இணைப்பு வாங்கற அளவுக்கு என் பூவரசு வேலை இல்லை. சும்மா நின்ன ஆயில் இன்ஜினைத் தூக்கி வெச்சேன். அஞ்சு குதிரைச் சக்தி, நிமிஷத்துக்கு 1500 சுத்து. இன்ஜின்ல 8 இஞ்சு புல்லி, உருளையில 3 இஞ்சு. கத்தி 4000 சுத்து போகும்.

கத்தியை மாட்டுறதுக்குத்தான் ஆள் இல்லை. மெஷினை ஏத்தின அன்னைக்கு ஆசாரி திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு இடது கையில ரெண்டு விரல் பாதிதான். இந்த மெஷின்ல போனது இல்லை. இளவட்டமா ஒரு மரவாடியில வேலை பார்த்தப்போ, சதுர உருளை போட்ட பழைய மெஷின்ல போனது. சதுர உருளைன்னா கத்திக்கும் மேசைக்கும் நடுவுல பெரிய வாய் திறந்து மூடும், விரல் உள்ளாற போயிடும். கையால தள்ளி இழைக்கிற மெஷின்ல வட்ட உருளைதான் இருக்கணும்னு இங்கிலாந்துல 1922லயே சட்டம் போட்டாங்க. நம்ம பக்கம் அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சும் சதுரம் சுத்திக்கிட்டிருந்தது.

நான் போய்க் கூப்பிட்டேன். "கத்திய நீங்களா மாட்டாதிய தம்பி"ன்னு மட்டும் சொன்னார். மறுநாள் காலையில தானே வந்து நின்னார். கையில ஒரு முழ நீளத்துல நேரா இழைச்ச தேக்குக் குச்சி, அதுல பென்சில்ல ரெண்டு கோடு.

குச்சியைப் பின்மேசையில படுக்க வெச்சார். உருளையைக் கையாலயே மெதுவாச் சுத்தினார். கத்தி முனை குச்சியைத் தொட்டு, ஒரு கோட்டுலேர்ந்து அடுத்த கோடு வரைக்கும் நகட்டிட்டு விடணும். மூணு மில்லி இருக்கும். கூட நகட்டினா கத்தி ஒசரம், தொடாமப் போனா பள்ளம். கத்தியோட அந்த முனை, இந்த முனை, நடு. அப்புறம் அடுத்த கத்தி. ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே மூச்சா முறுக்காம மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா. அரை நாள் ஆச்சு. "இறுக்கறப்ப கத்தி ஏறும். ஏறுறதுக்குன்னு ஒரு மயிரளவு தாழ விட்டு மாட்டோணும்." எந்த வீடியோவுலயும் எனக்குக் கெடைக்காதது இந்த ஒரு வரி. மூணு தடவை என்னையும் செய்ய வெச்சுப் பார்த்தார், அப்புறம் குச்சியை என்கிட்டயே விட்டுட்டார்.

இன்ஜினைப் போட்டதும் மேசையில கை வைக்காம, கொஞ்சம் தள்ளி நின்னு காது கொடுத்துக் கேட்டார். தலையாட்டினார். மொதப் பலகையை அவர்தான் தள்ளினார், பாதி விரல் கையை மேல வெச்சு, கத்திக்கு நேரா வர்றப்போ அந்தக் கையைத் தூக்கி அந்தாண்ட போட்டு. பூவரசு கருஞ்சிவப்பா வெளியில வந்துச்சு. குனிஞ்சு மோந்து பார்த்துட்டு, "களத்துமேட்டு மரமா?"ன்னார்.

நாலு பலகை இழைச்சிருக்கு. அம்மாவுக்கு ஒரு விசுப்பலகை, மீதியில நெல் குதிருக்கு ஒரு கதவு. தெருவுல மூணு வீட்டுக்காரங்க கஜாவுல விழுந்த பலாப் பலகை இருக்குன்னு வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. ஆசாரி மகன் ஞாயித்துக்கிழமை வந்து எட்டிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. ரம்பம் பக்கம் இன்னும் பெல்ட் மாட்டலை. பிளேடுக்குப் பின்னாடி நிக்க வேண்டிய பிளவுத் தகடு இல்லை. அது இல்லாம ஓட்டினா பலகை நம்ம வயித்தைப் பார்த்துத் திரும்பி வரும். தகட்டுக்கு லேத்துல சொல்லியிருக்கேன், நாத்து நடவு முடிஞ்சுதான் போய் வாங்கணும்.